யூரிப்பிடிஸின் ‘டிராய்ப் பெண்கள்’: படிப்பவர்களும் மேடையேற்றுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது எதைப் பற்றிய நாடகம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஸ்பார்ட்டா அரசன் மெனலாவஸின் மனைவி ஹெலன் டிராய் இளவரசன் பாரிஸோடு போனதால் மூண்ட போர் முடிந்துவிட்டது. டிராய் நகரத்து ஆண்கள் எல்லோரும் கொல்லப்பட்டுவிட்டார்கள். உயிரோடு மிஞ்சிய பெண்கள் மதிலுக்கு வெளியே கூடாரங்களில் அடைபட்டு, யாருக்கு யார் அடிமை என்ற பங்கீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். கரையில் கிரேக்கக் கப்பல்கள் புறப்படத் தயாராக நிற்கின்றன. பங்கு பிரித்து முடித்து, நகரத்துக்குத் தீ வைத்து, பெண்களைக் கப்பலுக்கு நடத்திக்கொண்டு போவது வரைதான் கதை. சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லை. மேடையில் யாரும் சாவதும் இல்லை. மொத்தம் 1332 வரிகள். எதையும் வெட்டாமல் நடத்தினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஓடும்.

எப்போது, எங்கே முதலில் நடத்தப்பட்டது?

கி.மு. 415 வசந்த காலத்தில், ஏதென்ஸில், டயோனிசஸ் பெருவிழாவில். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த திறந்தவெளி அரங்கம். அந்த விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள்; ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், முடிவில் ஒரு ‘சாட்டிர்’ கேலி நாடகமும் தர வேண்டும். யூரிப்பிடிஸ் அந்த ஆண்டு தந்தவை ‘அலெக்சாண்டர்’, ‘பாலமிடிஸ்’, ‘டிராய்ப் பெண்கள்’, பிறகு ‘சிசிஃபஸ்’. முழுதாக நமக்குக் கிடைத்திருப்பது மூன்றாவது மட்டும்தான். மற்றவை துண்டு துண்டாகத்தான் உள்ளன.

தொலைந்துபோன அந்த முதல் இரண்டைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியமா?

அவசியம். இல்லாவிட்டால் பல வரிகள் அந்தரத்தில் நிற்கும். ‘அலெக்சாண்டர்’ என்பது பாரிஸின் இன்னொரு பெயர். அவன் தாய், டிராய் அரசி ஹெக்குபா, அவனைச் சுமந்திருந்தபோது தான் ஒரு தீப்பந்தத்தைப் பெறுவதாகக் கனவு காண்கிறாள். இந்தப் பிள்ளை நாட்டை எரிக்கும் என்று பலன் சொல்கிறார்கள். குழந்தையைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அது பிழைத்து, இடையர்கள் நடுவே வளர்ந்து, திரும்பி வருகிறது. ‘பாலமிடிஸ்’ கிரேக்கப் பாசறைக்குள் நடக்கிறது. கிரேக்கத் தலைவர்களில் ஒருவனான ஒடிசியஸின் பொய்க் கடிதச் சூழ்ச்சியால் நிரபராதியான பாலமிடிஸ் துரோகி என்று தண்டிக்கப்பட்டுச் சாகிறான்.

இப்போது மூன்றாவது நாடகத்துக்கு வாருங்கள். ஹெக்குபாவின் மகள் கசாண்ட்ரா கையில் தீப்பந்தத்தோடு ஓடி வருகிறாள். ஹெலன், “அந்தத் தீப்பந்தத்தைப் பெற்றவள் நீதானே” என்று ஹெக்குபாவின் மேல் பழியைத் திருப்புகிறாள். தான் ஒடிசியஸின் பங்கில் விழுந்தேன் என்று தெரிந்ததும் ஹெக்குபா அப்படித் துடிப்பது ஏன் என்பதும் விளங்கும். கடைசியில் மதில் மேல் தீப்பந்தங்கள். அன்று காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஏதென்ஸ்காரனுக்கு அது வெறும் தீ அல்ல, கனவு பலித்த நேரம்.

ஏதென்ஸ் படை மீலோஸ் தீவில் செய்த படுகொலைக்கு எதிர்ப்பாக எழுதப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

பாடப்புத்தகங்களில் அப்படித்தான் ஒரே போடாக எழுதியிருக்கும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நடந்தது இது. நடுநிலையில் இருக்க விரும்பிய மீலோஸ் என்ற சின்னத் தீவை ஏதென்ஸ் கி.மு. 416-ல் முற்றுகையிட்டது. அடுத்து வந்த குளிர்காலத்தில் தீவு சரணடைந்தது. பிடிபட்ட வயதுவந்த ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள், பிறகு 500 பேரைக் குடியேற்றினார்கள். இதைத் துசிடிடீஸ் தன் வரலாற்றின் ஐந்தாம் புத்தக முடிவில் பதிவு செய்திருக்கிறார். நாடகம் நடந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து, மார்ச் கடைசி வாக்கில்.

சிக்கல் என்னவென்றால், போட்டியில் சேரும் கவிஞர் பல மாதங்கள் முன்னதாகவே அதிகாரியிடம் கோரஸ் (நாடகத்தில் பாடி ஆடும் குழு) கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பிறகு நீண்ட ஒத்திகை இருக்கிறது. ஆகவே நாடகத்தின் உருவம் மீலோஸ் விழுவதற்கு முன்பே முடிவாகியிருக்கலாம் என்று வாதாடும் ஆய்வாளர்கள் உண்டு. வாதம் வலுவானதுதான். ஆனால் அதனால் நாடகத்துக்கும் அந்தக் காலத்துக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடாது. கி.மு. 427-ல் மித்திலினி நகரத்து ஆண்கள் எல்லோரையும் கொல்ல ஏதென்ஸ் மன்றம் வாக்களித்து, மறுநாள் மனம் மாறி, உத்தரவோடு போன கப்பலின் பின்னால் இரண்டாவது கப்பலை விரட்டி அனுப்பித் தடுத்தது. கி.மு. 421-ல் ஸ்கியோனி நகரத்தில் தடுக்க யாரும் கப்பல் அனுப்பவில்லை. ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்கினார்கள். யூரிப்பிடிஸுக்கு மீலோஸ் செய்தி வந்து சேர வேண்டிய தேவையே இல்லை. ‘நகரம் விழுந்தால் என்ன நடக்கும்’ என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சிலர் கைப்படச் செய்தும் இருப்பார்கள்.

அப்படியானால் ஏதென்ஸ்காரர்கள் தங்கள் குற்றத்தையே மேடையில் பார்த்தார்களா?

இந்த நாடகத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வோம்: இது தோற்றவர்களின் புலம்பல்தான், ஆனால் எழுதியவர், நடித்தவர், பார்த்தவர் மூவருமே வென்ற தரப்பு. டிராயை அழித்தது கிரேக்கர்கள். பார்வையாளர்களும் கிரேக்கர்கள். மேடையில் அழும் பெண்கள் வேற்று நாட்டார்.

விழா எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். படைத்தலைவர்கள் தெய்வத்துக்கு மது வார்ப்பார்கள். கப்பம் கட்டும் நகரங்களிலிருந்து வந்த பணத்தை அரங்கத்தின் நடுவே கொண்டுவந்து காட்டுவார்கள். போரில் தந்தையை இழந்து அரசின் செலவில் வளர்ந்த பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் அரசு தந்த கவசத்தோடு அணிவகுத்து வருவார்கள். இவ்வளவும் முடிந்து நாடகத்துக்கு உட்கார்ந்தால், தந்தையை இழந்த ஒரு பிள்ளையை “இவன் வளர்ந்தால் ஆபத்து” என்று சொல்லி மதிலிலிருந்து தள்ளிக் கொல்கிறார்கள் கிரேக்கர்கள். யூரிப்பிடிஸ் வெளிப்படையாக எதையும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

இன்னொன்று. கோரஸ் பெண்கள் தாங்கள் எந்த நாட்டுக்குப் போவோமோ என்று பாடும்போது, ஸ்பார்ட்டா வேண்டாம், ஏதென்ஸ் கிடைத்தால் பரவாயில்லை என்கிறார்கள். எட்னா மலை இருக்கும் சிசிலியையும் புகழ்கிறார்கள். அதே 415-ஆம் ஆண்டு கோடையில் ஏதென்ஸ் தன் பெரும்படையைக் கப்பலேற்றி அனுப்பியது அந்தச் சிசிலிக்குத்தான். 413-ல் அந்தப் படை அழிந்தது. பிடிபட்டவர்களைச் சிராக்கூஸின் கல்குவாரிகளில் அடைத்தார்கள். யூரிப்பிடிஸின் வரிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சில கைதிகளுக்கு அதனாலேயே விடுதலை கிடைத்தது என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

காட்சி வரிசை என்ன?

படிப்பவர்கள் வழி தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே.

தொடக்கத்தில் கடல் தெய்வம் போசைடன். தான் கட்டிய நகரத்தை விட்டுப் போகிறார். ஹெக்குபா தரையில் கிடக்கிறாள். “பார்க்க விரும்புகிறவர் பாருங்கள், இதோ” என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். பிறகு அதீனா என்ற பெண் தெய்வம் வருகிறாள். இவள் கிரேக்கர் பக்கம் இருந்தவள். தன் கோயிலில் அடைக்கலம் புகுந்த கசாண்ட்ராவை ஏஜக்ஸ் என்ற கிரேக்கன் இழுத்துப் போனான், அவனை யாரும் தண்டிக்கவில்லை என்ற கோபம் அவளுக்கு. திரும்பும் வழியில் கிரேக்கக் கப்பல்களைப் புயலில் நொறுக்குவதென்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். இதெல்லாம் 97 வரிகளில் முடிகிறது.

ஹெக்குபா எழுந்து பாடுகிறாள். கோரஸ் இரண்டு அணியாகக் கூடாரத்திலிருந்து வருகிறது. தூதன் தல்தீபியஸ் வந்து பங்கீட்டைச் சொல்கிறான்: கசாண்ட்ரா கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனுக்கு, ஹெக்குபாவின் மகன் ஹெக்டரின் விதவை ஆண்ட்ரோமகே கிரேக்க வீரன் அக்கிலிஸின் மகன் நியோப்டோலமஸுக்கு, ஹெக்குபா ஒடிசியஸுக்கு. இன்னொரு மகள் பொலிக்சேனா? “அக்கிலிஸின் சமாதியில் பணிவிடைக்கு” என்று மழுப்புகிறான். அவளைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்பது ஆண்ட்ரோமகே வந்து சொன்ன பிறகுதான் ஹெக்குபாவுக்குத் தெளிவாகிறது.

கசாண்ட்ரா வந்து, தனக்குத் தானே கல்யாணப் பாட்டுப் பாடிவிட்டுப் போகிறாள். கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரை நகரத்துக்குள் நுழைந்த இரவைக் கோரஸ் பாடுகிறது. கொள்ளைப் பொருள் ஏற்றிய வண்டியில், ஹெக்டரின் ஆயுதங்களோடு, மடியில் மகனுடன் ஆண்ட்ரோமகே வருகிறாள். தல்தீபியஸ் மறுபடி வந்து பிள்ளையைக் கேட்கிறான். பிறகு மெனலாவஸ், ஹெலன், விசாரணை. கடைசியில், மதிலிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்ட அந்தப் பிள்ளை அஸ்தியானக்ஸின் உடல் தந்தையின் கேடயத்தின் மேல் வருகிறது. அடக்கம், நெருப்பு, எக்காளம், கப்பல்.

கதையே நகரவில்லை, ஒரே அழுகையாக இருக்கிறதே?

பழைய விமரிசகர்கள் சிலரும் இப்படித்தான் குறைபட்டார்கள். நகர்வு இருக்கிறது, அதைத் தல்தீபியஸ் வரும் தடவைகளை வைத்து எண்ணுங்கள். நான்கு முறை வருகிறான். முதல்முறை கசாண்ட்ராவைக் கொண்டுபோகிறான். இரண்டாம் முறை குழந்தையை. மூன்றாம் முறை குழந்தையைப் பிணமாகத் திருப்பித் தருகிறான். நான்காம் முறை ஊரையே எரிக்கச் சொல்லும் உத்தரவு. ஒவ்வொரு தடவையும் ஹெக்குபா ஏதோ ஒரு நம்பிக்கையைக் கட்டி முடித்திருப்பாள், அந்த நேரம் பார்த்து அவன் வருவான். ஆண்ட்ரோமகேயிடம் “புதுப் புருஷனை அனுசரித்துப் போ, பேரனாவது வளர்ந்து ஊரை மறுபடி கட்டுவான்” என்று புத்தி சொல்லி வாய் மூடும் முன்பே அவன் இரண்டாம் முறை வந்து நிற்கிறான். இந்த இடைவெளியை நடிப்பில் நீட்டிவிடக் கூடாது.

தல்தீபியஸை வில்லனாக நடிக்கலாமா?

கூடாது. பெரும்பாலான தயாரிப்புகள் சறுக்குவது இங்கேதான். அவன் முடிவெடுப்பவன் அல்ல, உத்தரவைக் கொண்டுவருபவன். தாலுகா அலுவலகத்தில் ஜப்தி நோட்டீஸ் கொண்டுவருகிறவரின் சங்கடம் அவனுக்கு இருக்கிறது. குழந்தையைக் கேட்க வரும்போது சொல்ல வாய் வராமல் சுற்றி வளைக்கிறான். “இதற்கு என்னைவிட ஈவிரக்கம் இல்லாதவன்தான் சரி” என்ற பொருள்படப் பேசுகிறான். பிறகு, உடலைக் கொண்டுவரும் வழியில் ஸ்கமாண்டர் ஆற்றில் தானே கழுவிக் கொண்டுவருகிறான். குழி தோண்டவும் தானே போகிறான்.

ஆனால் அவனை நல்லவனாக்கியும் விடாதீர்கள். ஆண்ட்ரோமகே படையைச் சபித்தால் பிள்ளைக்கு அடக்கம்கூட மறுக்கப்படும் என்று எச்சரிப்பவனும் இவனே. இரக்கமும் மிரட்டலும் ஒரே குரலில், ஒரே மூச்சில் வரவேண்டும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும், கப்பல் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் அவன் நடையில் தெரிந்தால் போதும்.

கசாண்ட்ரா பைத்தியமா?

குறி சொல்லும் தெய்வமான அப்போலோவின் அருள் வந்தவள். சொல்வது எல்லாம் பலிக்கும், யாரும் நம்ப மாட்டார்கள். பாடும்போது வெறி, ஆனால் பாட்டு முடிந்ததும் அவள் பேசுவது வழக்கறிஞர் பேச்சு. கிரேக்கர்களைவிட டிராய்க்காரர்களே பாக்கியசாலிகள் என்று நிறுவுகிறாள்: ஒரு பெண்ணுக்காக ஆயிரம் ஆயிரமாய் வந்து, மனைவி மக்களைப் பார்க்காமல், வேற்று மண்ணில், யாரும் துணி போர்த்தி அடக்காமல் செத்தார்கள் அவர்கள், நம்மவர்கள் சொந்த மண்ணில், சொந்தக்காரர் கையால் அடக்கமானார்கள். அறிவுள்ளவன் போரைத் தவிர்க்க வேண்டும், வந்துவிட்டால் நல்லபடி சாவது ஊருக்கு மகுடம் என்கிறாள். பிறகு தன் ‘கல்யாணத்தால்’ அகமெம்னனின் வீடே அழியும் என்கிறாள்.

நடிகை தலையை விரித்துச் சுழற்றிக்கொண்டே இந்த வாதத்தைச் சொன்னால் ஒரு சொல்கூடப் பார்வையாளர் காதில் ஏறாது. பாட்டுக்கு ஓட்டம், வாதத்துக்கு நிலை. கடைசிப் பகுதியில் மூலத்தின் யாப்பும் மாறி, நீண்ட, விரைந்து ஓடும் அடிகளாகிறது. அங்கே மறுபடி வேகம் எடுக்கலாம்.

ஹெலன் விசாரணையை வெட்டிவிடலாமா? துக்கத்தின் நடுவே பட்டிமன்றம் போல இருக்கிறதே?

வெட்டாதீர்கள். ஏதென்ஸ்காரர்கள் நீதிமன்றத்தில் வாழ்ந்தவர்கள். பட்டிமன்றம் என்று நீங்கள் சொல்வதே சரியான பெயர். ஹெலன் முதலில் பேசுகிறாள். அதுவே வழக்கத்துக்கு மாறு, குற்றவாளி முதலில் பேசுவது. பாரிஸைப் பெற்றவள் ஹெக்குபா. கொல்லச் சொன்ன குழந்தையைக் கொல்லாமல் விட்டார்கள். மூன்று தேவியர் அழகுப் போட்டியில் காதல் தெய்வம் அஃப்ரோடைட், தான் ஜெயிக்க, பாரிஸுக்கு என்னை விலையாகக் கொடுத்தாள். தெய்வத்தை எதிர்க்க என்னால் ஆகுமா? ஹெக்குபா ஒவ்வொன்றாக உடைக்கிறாள். ‘தெய்வம் என்று நீ சொல்வது உன் ஆசைதான்’ என்பது அவள் வாதத்தின் உயிர். மூலத்தில் ‘அஃப்ரோடைட்’ என்ற பெயரையும், புத்தியின்மையைக் குறிக்கும் ‘அஃப்ரோசுனே’ என்ற சொல்லையும் சேர்த்துச் சிலேடை ஆடுகிறாள்.

வாதத்தில் ஹெக்குபா ஜெயிக்கிறாள். மெனலாவஸும் தலையாட்டி, ஊருக்குப் போனதும் கொன்றுவிடுகிறேன் என்கிறான். ‘ஒரே கப்பலில் ஏற்றாதே’ என்று ஹெக்குபா கெஞ்ச, “ஏன், முன்பைவிட எடை கூடிவிட்டாளா?” என்று கேட்கிறான். ஆம், சிரிப்பு வர வேண்டிய இடம்தான். டிராய்ப் போரைக் காவியமாகப் பாடிய ஹோமரைத் தெரிந்த எல்லோருக்கும் ஹெலன் ஸ்பார்ட்டாவில் சௌக்கியமாக வாழப்போகிறாள் என்பது தெரியும். ஆக, நாடகத்திலேயே நியாயம் பேசி வென்ற ஒரே காட்சி, எதையும் மாற்றாமல் போகிறது. இதை வெட்டினால் மிஞ்சுவது ஒப்பாரி மட்டும்.

உடையில் கவனம் தேவை. ஹெலன் நன்றாக உடுத்திக்கொண்டுதான் வருகிறாள். அதற்காகவே ஹெக்குபா அவளைத் திட்டுகிறாள். மற்றவர்கள் கந்தல், ஹெக்குபாவுக்குத் துக்கத்தில் கத்தரித்த தலை. ஹெலனையும் அழுக்காக்கினால் வசனம் பொய்யாகும். அரைகுறை உடையில் மயக்குக்காரியாக்கினால் வாதம் செத்துப்போகும்.

எத்தனை நடிகர்கள் தேவை?

ஏதென்ஸில் மூன்றே நடிகர்கள், மூவரும் ஆண்கள், முகமூடியோடு. ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை ஹெக்குபா. இரண்டாமவருக்கு அதீனா, கசாண்ட்ரா, ஆண்ட்ரோமகே, ஹெலன். மூன்றாமவருக்கு போசைடன், தல்தீபியஸ், மெனலாவஸ் என்று பிரித்தால் கணக்குச் சரியாக வருகிறது. வசனம் இல்லாத சிறுவன் ஒருவன், காவலாளிகள் இரண்டு மூன்று பேர் தனி. கோரஸ் அந்தக் காலத்தில் 15 பேர், கூடக் குழலிசைப்பவர் ஒருவர்.

இன்று நடத்துகிறவர்களுக்கும் இந்த இரட்டை வேடத்தைப் பரிந்துரைப்போம், ஆள் பற்றாக்குறைக்காக அல்ல. கன்னி, விதவை, ஓடிப்போனவள் மூவரும் ஒரே உடலில் வந்துபோவது தானாகவே ஒன்றைச் சொல்கிறது. வேடம் மாற்றக் கோரஸ் பாட்டின் நேரம் கிடைக்கும். பாட்டை மிகக் குறைத்தால் அந்த நேரமும் போய்விடும் என்பதைத் திட்டமிடும்போதே பாருங்கள்.

15 பேருக்கு வழி இல்லை. கோரஸை எப்படிச் சமாளிப்பது?

ஏழு பேர் போதும். ஐந்துக்குக் கீழே போனால் கூட்டமாகத் தெரியாது, சொந்தக்காரர்கள் நாலு பேர் போலத் தெரியும். எல்லா வரிகளையும் எல்லோரும் ஒன்றாக ஒப்பிப்பதுதான் வழக்கமான தவறு. சொல் சிதையும், மூன்றாவது நிமிடத்தில் பள்ளி ஆண்டுவிழா வாசனை வரும். உரையாடல் வரிகளைக் கோரஸ் தலைவி ஒருத்தி மட்டும் பேசட்டும். பாட்டை மெட்டமைத்துப் பாடுங்கள்.

மூன்று பெரிய பாடல்களில் முதலாவதில் கை வைக்காதீர்கள்: போர் முடிந்தது என்று நம்பி, பெண்கள் பாடி ஆடி, குதிரையை இழுத்து வந்து, தூங்கப் போன இரவு அது. இரண்டாவதில் கனிமீட், தித்தோனஸ், தெலமோன் என்று நமக்கு அறிமுகமில்லாத பெயர்கள் நிறைய. அங்கே சுருக்கலாம், ஆனால் ‘எங்கள் ஊர்ப் பையன்களைக் காதலித்த தெய்வங்கள் எங்களைக் கைவிட்டன’ என்ற நூலை விடாதீர்கள்.

குழந்தையின் உடல், கேடயம்: எப்படிச் செய்வது?

கிரேக்கக் காலாட்படையின் வட்டக் கேடயம் ஏறக்குறைய 90 செ.மீ. குறுக்களவு, 6 முதல் 8 கிலோ எடை. அஸ்தியானக்ஸ் ஹோமரில் கைக்குழந்தை. இங்கே அப்படி அல்ல: ‘பாட்டி, நீ செத்தால் என் முடியை வெட்டி உன் சமாதியில் வைப்பேன்’ என்று கொஞ்சிப் பேசியவன். அதனால் நான்கைந்து வயது உடல். கேடயத்தில் கிடத்தினால் கால் வெளியே தொங்கும். தொங்கட்டும். மறைக்க முயலாதீர்கள்.

பொம்மை லேசாக இருந்தால் தூக்குபவரின் தோளிலேயே பொய் தெரியும். மணல் அல்லது அரிசிப் பையைத் தலை, இடுப்பு, பாதம் என்று மூன்று இடத்தில் பிரித்துத் தைத்து, மொத்தம் 6, 7 கிலோ வரும்படி செய்யுங்கள். கழுத்து மூட்டு துணியால் தளர்வாக இருக்கட்டும். கேடயம் ஒட்டுப்பலகையில் போதும், ஆனால் உட்புறக் கைப்பட்டை உண்மையாக இருக்க வேண்டும். காரணம், ஹெக்குபாவின் வசனம் அதைத் தொட்டுக்கொண்டு போகிறது: பட்டையில் ஹெக்டரின் கைத்தடம், விளிம்பில் தாடையை ஊன்றிப் போரிட்டபோது வழிந்த வியர்வைக் கறை. பிள்ளையின் கைகளைப் பார்த்து, அப்பன் கை போலவே இருக்கிறதே என்கிறாள். பிறகு கல்லறையில் என்ன எழுதுவார்கள் என்று கேட்டு அவளே பதில் சொல்கிறாள்: ‘இந்தக் குழந்தையைக் கிரேக்கர்கள் பயந்துபோய்க் கொன்றார்கள்’. அந்த வரியைக் கத்த வேண்டாம்.

ஹெக்குபாவாக நடிப்பவர் குரலை எப்படிக் காப்பாற்றுவது?

ஏறக்குறைய முழு நேரமும் மேடையில் இருக்கும் வேடம். முதல் பாட்டிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டால் குழந்தை வரும்போது கையில் எதுவும் மிச்சமிருக்காது. முதல் பாட்டைத் தரையில் கிடந்தபடி, உடலைப் படகு போல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு பாடுவதாக மூலமே சொல்கிறது. அதைத் தாழ்ந்த குரலில் வையுங்கள். ஹெலன் காட்சியில் கண்ணீர் கூடாது, கூர்மை மட்டும். உண்மையான மார்பு வெடிக்கும் குரல் கடைசி 30 வரிகளுக்கு: அங்கே மண்ணை இரு கையாலும் அடித்து, கீழே இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எங்கே இடறும்?

முதலில் பெயர். ஹெக்குபா என்பது இலத்தீன் வழி வந்த வடிவம், கிரேக்கத்தில் ஹெக்காபே. எதையாவது ஒன்றை எடுத்து, எல்லாப் பெயர்களுக்கும் அதே வழியைப் பின்பற்றுங்கள்.

அடுத்தது விளிப்பு. கிரேக்கத்தில் நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு கிடையாது. தமிழில் ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும். இது சுமையல்ல, வாய்ப்பு. தல்தீபியஸ் ஹெக்குபாவை முதலில் ‘நீங்கள்’ என்று அழைத்து, கடைசி வருகையில் ‘நட, கிழவி’ என்று இறங்கினால், ஒரு அரசி அடிமையாவது இலக்கணத்திலேயே நடந்துவிடும். ஆண்ட்ரோமகே மாமியாரை ‘அத்தை’ என்றோ, இலங்கை வழக்கில் ‘மாமி’ என்றோ அழைக்கலாம். பேரன் ‘அப்பத்தா’வா, ‘அப்பம்மா’வா என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது.

மூன்றாவது ‘பார்பரோஸ்’ என்ற சொல். கிரேக்கம் பேசாத வேற்றாளைக் கிரேக்கர் அழைத்த பெயர். ஆண்ட்ரோமகே அதையே திருப்பி வீசுகிறாள்: பார்பரக் கொடுமைகளைக் கண்டுபிடித்த கிரேக்கர்களே, இந்தப் பிள்ளையை ஏன் கொல்கிறீர்கள்? ‘காட்டுமிராண்டி’ என்று எழுதினால் வசை மட்டும் வரும். ‘மிலேச்சர்’ என்ற பழஞ்சொல்லில் இனமும் இழிவும் சேர்ந்தே இருப்பதால் அடி சரியாக விழும்.

தெய்வங்கள் வரும் முன்னுரை இன்றைய பார்வையாளருக்குத் தேவையா?

தேவை. கிரேக்கக் கப்பல்கள் உடையப்போகின்றன என்று பார்ப்பவருக்குத் தெரியும், மேடையில் இருப்பவர்களில் யாருக்கும் தெரியாது. வென்றவர்கள் அவசரம் அவசரமாகக் கப்பலேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த அறிவு உள்ளே உறுத்த வேண்டும். நகரங்களையும் கோயில்களையும் சமாதிகளையும் பாழாக்குகிறவன் மூடன், பின்னால் தானும் அழிவான் என்று சொல்லித்தான் போசைடன் விடைபெறுகிறார். யூரிப்பிடிஸ் பல நாடகங்களில் கடைசியில் ஒரு தெய்வத்தை இறக்கி முடிச்சை அவிழ்ப்பார். இதில் தெய்வங்கள் தொடக்கத்திலேயே வந்து போய்விட்டன. ஹெக்குபா முடிவில் கூப்பிடுகிறாள், யாரும் வருவதில்லை.

நெருப்பை எப்படிக் காட்டுவது?

காட்டாமல். திறந்தவெளி அரங்கில் பகல் வெளிச்சத்தில் நடந்த நாடகம் இது. ஊர் எரிவதை நடிகர்களின் கண்ணும் சொல்லும்தான் காட்டின. கசாண்ட்ராவின் பந்தம்கூடக் கூடத்துக்குள் நிஜத் தீயாக வேண்டாம், ஓடும் வேடம் அது. ஆனால் வெளிச்சம் கூடாரத்துக்குள்ளிருந்து முதலில் தெரிய வேண்டும். உள்ளே பெண்கள் தங்களைக் கொளுத்திக்கொள்கிறார்களோ என்று தல்தீபியஸ் பதறுவது அதைப் பார்த்துத்தான். திரையில் இன்றைய போர்க் காட்சிகளை ஓட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. ஓடும் படத்தோடு போட்டி போட எந்த நடிகராலும் முடியாது. கண் அங்கே போய்விடும்.

பரிசு கிடைத்ததா?

இரண்டாம் பரிசு. முதல் பரிசு சினோக்ளீஸ் என்பவருக்கு. அவர் நாடகங்கள் எதுவும் இன்று இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து ஏலியன் என்ற எழுத்தாளர் இதை நினைத்து ஆத்திரப்படுகிறார். ஃபெரை நகரத்துக் கொடுங்கோலன் அலெக்சாண்டர் இந்த நாடகத்தின் நடுவிலேயே எழுந்து போனதாகப் புளூட்டார்க் சொல்கிறார்: தான் கொன்ற யாருக்காகவும் இரங்காதவன் ஹெக்குபாவுக்கும் ஆண்ட்ரோமகேக்கும் அழுவதை ஊர் பார்த்துவிடக் கூடாதாம். பிற்காலத்தில் போர் வந்த இடமெல்லாம் இந்த நாடகமும் வந்தது. 1965-ல் தத்துவவாதி சார்த்தர் பிரெஞ்சில் இதைத் தழுவி எழுதினார். இலங்கையில் தர்மசிறி பண்டாரநாயக்க சிங்களத்தில் மேடையேற்றினார்.

அடுத்து எதைப் படிக்கலாம்?

எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’. கி.மு. 472-ல் நடந்தது, நமக்கு முழுதாகக் கிடைத்த கிரேக்க நாடகங்களில் மிகப் பழையது. எட்டு ஆண்டு முன்பு சலாமிஸ் கடற்போரில் தோற்றோடிய எதிரியின் அரண்மனையில் நடக்கும் துக்கம் அது. அதற்கும் முன்னால் ஃபிரினிக்கஸ் என்பவர், பாரசீகரிடம் விழுந்த மிலேட்டஸ் நகரத்தைப் பற்றி எழுதினார். சொந்தத் துயரத்தை நினைவுபடுத்தியதற்காக ஏதென்ஸ் அவருக்கு 1000 திராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தைத் தடையும் செய்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பிறகு யூரிப்பிடிஸின் ‘ஹெக்குபா’: அதே அரசி, அங்கே பழி வாங்குகிறாள். இரண்டையும் ஒரே கதையின் இரு பாகமாகப் படிக்காதீர்கள், நிகழ்ச்சிகள் ஒத்துப்போகாது. சிரித்துக்கொண்டே படிக்க அரிஸ்டோஃபனீஸின் ‘லைசிஸ்ட்ராட்டா’, கி.மு. 411.

கடைசிக் காட்சியை எங்கே நிறுத்துவது?

எரியும் ஊருக்குள் ஹெக்குபா ஓடப் பார்க்கிறாள். அவள் ஒடிசியஸின் சொத்து என்று பிடித்து நிறுத்துகிறார்கள். மண்ணில் அடிக்கிறாள். கோட்டை சரியும் ஓசை. எக்காளம். நடுங்கும் கால்களே, என்னைச் சுமந்து போங்கள் என்கிறாள். கோரஸின் இறுதிச் சொல், கிரேக்கக் கப்பல்களை நோக்கி அடி எடுத்து வை என்பது. அந்த வரி முடிந்த உடனே விளக்கை அணைக்கும் கை பலருக்கு. அணைக்காதீர்கள், எல்லோரும் நடந்து வெளியே போகட்டும், கடைசியாக ஹெக்குபா, மேடை காலியாகட்டும், அதன் பிறகு ஒரு பத்து நொடி.